இரண்டு பக்கமும் சிங்கம்

“அனுப்பாதட்டி. அனுப்பாதன்னு சொல்லுதேம்லா—”

“அனுப்பாம? அனுப்பாம இங்கனயே இருந்து ஒங்க வெரலையே பாத்துக்கிட்டு—”

“காச வாங்க வாரவன் எதுக்குட்டி நம்மகிட்ட மொதல்ல காசு கேக்கான்? ஒன்கிட்ட இட்லி வாங்க வாரவன், ‘மொதல்ல நீ எனக்குப் பத்து ரூவா குடு, பொறவு நான் இட்லி வாங்குதேன்’னு சொன்னா குடுப்பியா?”

“அது இட்லி. இது லட்சம்.”

“எவன் பாத்தான் லட்சத்த?”

“வீடியோல பாத்தேம்லா! நீங்களும்தான பாத்திய. இதே மாதிரி காசு, அந்த ஆளு கையில வச்சுக் காட்டுதான். பதியணுமாம். பதிஞ்சாத்தான் விக்க முடியுமாம். போன்ல அந்த சாரு எவ்ளோ மரியாதையா பேசுதாரு தெரியுமா? ‘மாதாஜி, மாதாஜி’ங்காரு.”

“மாதாஜின்னு ஒருத்தன் கூப்புட்டாலே கைப்பைய இறுக்கிப் பிடிக்கணும். கட்டுன புருசன் நான் ஒரு நாளாவது அப்படிக் கூப்புட்டிருக்கேனா?”

“நீங்க கூப்புட்ட பேரையெல்லாம் எங்கப்பா கேட்டிருந்தா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. தாராவியில் எங்கள் சந்தில் மழைக்காலத்தில் சண்டை போடுகிறவர்கள் தகரத்தோடும் சேர்த்துச் சண்டை போட வேண்டும். அதனால் ஒரு சொல் தவறாமல் எல்லோர் காதிலும் விழும். சந்தின் அகலம், ஒரு ஆள் குறுக்கே படுத்தால் தலை என் வாசலிலும் கால் ஞானசீலன் வாசலிலும் இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் அவன் பெண்டாட்டி லூர்து மேரி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை அவள் ஓடையில் கொட்டின வேகத்தில் பாதி என் காலில் விழுந்தது.

“பெரியம்ம, நீங்களே சொல்லுங்க” என்றாள், காலைப் பார்க்காமல்.

“நான் என்னத்தச் சொல்ல? ஒரு தண்ணிய ஒழுங்கா ஊத்தத் தெரியல. நீ லட்சத்த எங்கன வச்சுக் காப்பாத்துவ?”

ஞானசீலன் உள்ளேயிருந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சிரிக்கிற வேகத்தில் வலது கையை எங்கேயாவது இடித்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கை ஈஸ்டருக்கு முந்தின வாரம் போனது. சைஃப் பாயின் பட்டறையில் பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கிற பிரஸ்ஸில் அவன் வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். தையல் ஆறிவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கினவை மடங்கினபடியே நின்றுவிட்டன. யாருக்கும் தெரியாத எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். உள்ளே நரம்பு தசையோடு ஒட்டிப்போயிருக்கிறது, திறந்து பிரித்துவிட்டால் விரல் நீளும் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்குக் கொடுத்த தேதி கிறிஸ்துமஸுக்குப் பிறகு. செம்பூரில் ஒரு டாக்டர் விரலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, அவ்வளவு நாள் விட்டால் கணுக்கள் இறுகிவிடும், அப்புறம் திறந்தும் பிரயோஜனம் இல்லை, செய்கிறதானால் இந்த மாதம் செய்ய வேண்டும் என்றார். அவர் கேட்ட பணம் அவர்களிடம் இல்லை. சைஃப் பாய் முதலில் கொடுத்தார். பிறகு கொஞ்சமாகக் கொடுத்தார். அவரும் அந்தப் பட்டறைக்கு வாடகை கொடுக்கிற ஆள்தான். பிரஸ்ஸில் இப்போது வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

மேரி விடியுமுன் இட்லி அவித்து, தூக்குப் பாத்திரத்தில் சட்னியோடு சயான் பாலத்துப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். அங்கேதான் யாரோ அந்தப் பத்து ரூபாய்க் காசைக் கொடுத்திருக்கிறான். வாங்கும்போது அவள் பார்க்கவில்லை. திரும்பி வருகிற வழியில் மதீனா பீவி கடையில் பொட்டுக்கடலை வாங்கப் போனால், மதீனா பீவி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல பத்துன்னே போடல, இது பத்து ரூபாயின்னு நான் எப்படி நம்புறது?” என்று மேசையில் வைத்துவிட்டாள். அன்று மேரி அழுதிருக்கிறாள், பத்து ரூபாய்க்காக. அப்புறம் சீத்தா கேம்பில் செல்போன் கடையில் இருக்கிற அவள் மகன் ஜோன்ஸ் போன வாரம் வந்தவன் அதைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் காசுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லி, ஒரு வீடியோவையும் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அவன் போன பிறகு மேரி வேறு நாலு வீடியோ பார்த்தாள். அதில் ஒன்றின் அடியில் இருந்த நம்பருக்குப் பேசினாள். அந்த ஆள்தான் மாதாஜி என்று கூப்பிடுகிறவன்.

“கொண்டா பாப்போம் அந்தக் காச” என்றேன்.

ஞானசீலன் இடது கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். சாதாரணப் பத்து ரூபாய் போலத்தான் இருந்தது. சுற்றி மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை, மேலே இட்லிக்காரி காசுக்கு உண்டான அழுக்கு. ஒரு பக்கம் சிங்கங்கள். திருப்பினால் பத்து இருக்க வேண்டிய பக்கத்திலும் சிங்கங்களே. ஆனால் அவை எழும்பி இருக்கவில்லை. உள்ளே அமுங்கி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, ஈரமண்ணில் காசை அழுத்தி எடுத்த குழிபோல இருந்தது.

“இது எப்படி இப்படி ஆச்சு?”

“எனக்குத் தெரியும் பெரியம்ம. பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு. காசு பொய்யில்ல. போன்ல பேசுதானே, அவந்தான் பொய்.” காசைத் தன் தொடைமேல் வைத்தான். “இங்க பாருங்க, கீழ ஒரு டை, அச்சு, மேல ஒரு டை. நடுவுல தகடு. மேல உள்ளது வந்து ஒரு அடி அடிக்கும். பீஸு கீழ விழணும். சில சமயம் விழாது. மேல் டையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். நம்ம பாக்காம அடுத்த தகட வச்சு பெடல மிதிச்சிட்டோம்னு வைங்க, அடி டையில இருந்து வாராது. ஒட்டிக்கிட்டு நிக்குத பீஸுலருந்து வரும். அந்தப் பீஸோட மூஞ்சி இந்தத் தகடுல பள்ளமா விழும். காசடிக்குத எடத்துலயும் அதான் நடந்திருக்கு. முந்தின காசு ஒட்டிக்கிட்டு. அடுத்த காசு இப்படிப் பொறந்துட்டு.”

“ஒங்க பட்டறையிலயும் இப்படி வருமா?”

“வரும். வந்தா ரிஜெக்ட். சைஃப் பாய் பொட்டில போட்டு வச்சிருந்து, சனிக்கிழம சம்பளத்துல பிடிப்பாரு.”

மேரி உளுந்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “மிச்சத்தையும் சொல்லுங்க.”

“என்ன மிச்சம்?”

“அன்னைக்கு ஒட்டிக்கிட்டு நின்னத.”

“அன்னைக்கும் பீஸு மேல ஒட்டிக்கிட்டு. நான் பாத்துட்டேன். பாக்காம இருந்தா ஒண்ணுமில்ல. ஒரு பக்கிள் வீணாயிருக்கும். பாத்ததால கைய விட்டுத் தட்டிவிடப் போனேன். காலு பெடல்ல இருந்ததக் காலு மறந்துட்டு.”

“ஒரு பக்கிளுக்காக” என்றாள் மேரி.

“காசடிக்குத எடத்துல ஒருத்தனும் கைய விட்டு எடுக்கல மேரி. அதான் இந்தக் காசு வந்துச்சு. நான் எடுத்தேன்.”

மேரி போனை எடுத்துக்கொண்டு, “அப்பம் அனுப்புதேன்” என்று எழுந்தாள். “ஒரு பக்கிளுக்குக் கைய விட்டியல்லா. நான் பதியதுக்குக் கொஞ்சம் ரூவா விட்டா என்ன?”

“ஏட்டி, வெளங்குதா ஒனக்கு? அவன் திருடன்!”

“திருடனா இருந்தாலும் அவன் ஒருத்தந்தான் வாங்குதேன்னு சொல்லிருக்கான்! வேற எவன் சொன்னான்? மாகிம் மாதா கோயில்ல மெழுகுக் கை வாங்கி வச்சாச்சு. புதங்கிழம புதங்கிழம நின்னாச்சு. மழையில நனஞ்சு நின்னாச்சு. மாதா ஒண்ணும் சொல்லல, டாக்டர் கிறிஸ்மஸ்ங்கான், ஒங்க சைஃப் பாய் இன்ஷா அல்லாங்காரு. இவன் ஒருத்தந்தான் ‘ஆமா’ன்னு சொல்லுதான்!”

அப்போதுதான் நான் வெங்கடேஷ் சாரைப் பற்றிச் சொன்னேன். மாட்டுங்காவில் அவர் வீட்டில் பல வருஷம் சமைத்தேன், முட்டி விட்டுப்போகிற வரைக்கும். ரயில்வே ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில், பூக்கடைகளுக்குப் பின்னால் வீடு. அவருக்கு நாணயப் பைத்தியம். தப்பாக அடித்த காசென்றால் இன்னும் பைத்தியம். மத்தியானச் சாப்பாட்டை ஆறவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

“அவரு வாங்குவாரா?” என்றாள் மேரி.

“வாங்குவாரோ மாட்டாரோ, பொய் சொல்ல மாட்டாரு. மொதல்ல ஒரு போட்டோ அனுப்பு. பொறவு ஒன் மாதாஜிக்காரனுக்கு அனுப்பு.”

போட்டோ அனுப்பினோம். அடுப்பில் கீரை வேகுமுன் போன் வந்தது. மேரி அதை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

“கோமதி, இது யாருது? எங்கே கிடைச்சது?”

“எதிர்வீட்டுல சார். பாவப்பட்டவங்க. இட்லி வித்த காசு.”

“போட்டோவை வெச்சு நான் ஒண்ணும் சொல்லப்படாது. ஆனா பார்த்தா நிஜமா இருக்கும்போலத்தான் படறது. ஓரம் நன்னா இருக்கு, மேல்பக்கம் நசுங்கலே. இந்தப் பத்து ரூபாயிலே இவ்வளவு முழுசா விழுந்தது நான் ரொம்பப் பார்த்ததில்லே. கையிலே பார்க்கணும். நாளைக்குச் சாயந்திரம் கொண்டுவரச் சொல்லு. நிஜம்னா, கல்கத்தாவிலே ஒருத்தர் இருக்கார், கேட்ட விலைக்கு எடுத்துப்பார்.”

மேரி போனைப் பறித்தாள். “சார், சார், நான் லூர்து மேரி. அவங்க கைக்கு ஆபரேசன் சார். செம்பூர்ல. அதுக்கு ஆகுமா சார்?”

“எவ்வளவு ஆகும்னு சொல்றா?”

மேரி சொன்னாள்.

“காசு நிஜமா இருந்தா அதிலே பெரும்பங்கு வந்துடும்மா. மிச்சத்தைப் பார்த்துக்கலாம். முதல்லே நான் பார்க்கறேன்.”

அன்று மழை விடவே இல்லை. ஆனால் எதிர்வீட்டில் சண்டை இல்லை. மேரி சாளை மீன் வாங்கி, புளி கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“பெரியம்ம, பெரும்பங்குன்னா எவ்ளோ?”

“பாதிக்கு மேல.”

“மிச்சத்துக்கு என் கம்மல் இருக்கு.”

“இருக்கட்டும். மொதல்ல போய்ப் பாப்போம்.”

“அவ்வோ வெரலு நீண்டுச்சுன்னா என்ன செய்வாங்க தெரியுமா? நேரா அந்தப் பிரஸ்ஸுக்குத்தான் போவாங்க. நான் விட மாட்டேன். என்கூட இட்லித் தட்டுக் கழுவட்டும்” என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவள் தூக்குப் பாத்திரத்தோடு போன பிறகு, ஞானசீலன் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். ஒரு கையால் பட்டன் போட வராது. என்னிடம் வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்பான். போட்டுவிட்டேன்.

“எங்க போற இந்த மழையில?”

“பட்டறைக்கு. சும்மா பாத்துட்டு வாரேன். நாளாயிட்டு.”

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவன் திரும்பி வரும்போது மத்தியானம். தலை முழுக்க நனைந்திருந்தது. மூக்கு நுனியிலும் காது மடலிலும் பச்சையாகத் தூசி அப்பியிருந்தது. நேரே என் வாசலில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இடது உள்ளங்கையைத் திறந்தான்.

கண்ணை அடிக்கிற மாதிரி இருந்தது அந்தக் காசு. மஞ்சள் வளையம் புதுத் தாலிபோல. நடுவில் வெள்ளை, அதில் என் முகம் தெரிந்தது. பள்ளத்துச் சிங்கத்தின் பிடரிக்குள் இருந்த கறுப்பெல்லாம் போயிருந்தது.

“எப்படி?” என்றேன்.

“பாலிஷ் மெசின்ல வச்சேன். சைஃப் பாய்கிட்ட கேட்டேன், ‘பாய், ரெண்டு நிமிசம் வீலு குடுங்க’ன்னேன். ‘ஒத்தக் கையா எப்படிடா பிடிப்ப’ன்னாரு. ‘பாருங்க’ன்னேன். இந்தக் கை மணிக்கட்ட கீழ முட்டுக் குடுத்து, இந்த வெரலால பிடிச்சு. மொதல்ல துணி வீலு, பச்சப் பாலிஷ் கட்டி தடவி. பொறவு பஞ்சு வீலு. சூடாவும் பெரியம்ம, வெரல் பொசுங்கும். விடல. ஒரு கோடு விழல பாருங்க. பட்டறையில எல்லாவனும் வேலைய நிறுத்திட்டுப் பாத்தானுவ. ‘மால் வெளிய போகுதுன்னா இப்படிப் போகணும்’னாரு பாய்.”

கை போன பிறகு அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பட்டறை வழக்கம் எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலிருந்தும் அழுக்காக ஒரு சாமான் வெளியே போகாது. பக்கிளானாலும் வளையமானாலும் குக்கர் கைப்பிடி ஆணியானாலும் கடைசியில் அந்தச் சக்கரத்தில் முகம் கழுவிக்கொண்டுதான் டெம்போவில் ஏறும்.

திரும்பி வந்த மேரியிடமும் இதே மாதிரி கையைத் திறந்து காட்டினான். அவள் பாத்திரத்தை இறக்கக்கூட இல்லை. பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யப்பா! கல்யாணத்தன்னைக்கு நீங்க இப்படி மின்னலையே!”

“அன்னைக்குப் பாலிஷ் மெசின் கெடைக்கல.”

“வெரல் ஏன் செவந்திருக்கு?”

“அது ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல” என்று அந்த விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், நான் இருக்கிறேன் என்பதைக்கூடப் பார்க்காமல். பிறகு துவைத்த கைக்குட்டை ஒன்றைத் தேடி எடுத்து அதில் காசைச் சுற்றினாள்.

சாயந்திரம் மூவரும் நடந்தே போனோம். தொண்ணூறடி ரோட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மேரி ஒரு கையில் குடை, ஒரு கையை ஜாக்கெட்டுக்குள் வைத்தபடி கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நடந்தாள். தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்கா பக்கம் வந்ததும் சகதி வாடை போய் மல்லிகை வாடையும் காப்பி வறுக்கிற வாடையும் வந்தது.

வெங்கடேஷ் சார் எங்களுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தார். மேசையில் பச்சைத் துணி விரித்து, விளக்கைச் சாய்த்து, கண்ணாடியை எடுத்து வைத்திருந்தார்.

“வாங்கோ, வாங்கோ. நனைஞ்சுட்டேளே. உக்காருங்கோ. கோமதி, நீ அந்த ஸ்டூல்லே உக்காரு, முட்டியை மடக்காதே. எங்கே, காட்டுங்கோ.”

மேரி கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

அவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். காசைத் தொடவில்லை. மேரி ஞானசீலனைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அசந்துபோனார் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“இது அந்தக் காசா?” என்றார்.

“ஆமா சார். அதே காசுதான்” என்றான் ஞானசீலன்.

“போட்டோவிலே வேற மாதிரி இருந்ததே.”

“அப்பம் அழுக்கா இருந்துச்சு சார். நாந்தான் பாலிஷ் போட்டேன். பெரிய மனுசங்க கையில குடுக்கணும்லா.”

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் கையைப் பார்த்தார். பிறகு காசை ஓரத்தில் பிடித்து எடுத்து விளக்குக்குக் கீழே திருப்பினார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“சார்?” என்றாள் மேரி.

“அம்மா, கொஞ்சம் பொறுமையா கேளுங்கோ. இந்த மாதிரிக் காசைப் பொய்யாவும் பண்றா. ரெண்டு காசைச் சேர்த்துப் பட்டறை இடுக்கியிலே வெச்சு நெருக்கினா ஒண்ணோட அச்சு இன்னொண்ணுலே பள்ளமா விழும். அது நிஜமா, இது பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, காசோட மேல்தோலை வெச்சுத்தான். அச்சு ஓங்கி அடிக்கறச்சே உலோகம் நடுவிலேர்ந்து ஓரத்துக்கு ஓடும். மயிரிழை மாதிரிக் கோடு கோடா தெரியும். அதிலே ஒரு பளபளப்பு உண்டு, அது வேற. இடுக்கியிலே நெருக்கினா அது வராது. எழும்பின பக்கத்துச் சிங்கத்தோட மூக்கும் நசுங்கிப் போயிடும்.”

“இது நசுங்கலையே சார். நீங்கதான போன்ல சொன்னிய.”

“நேத்திக்கு நசுங்கலே.” அவர் காசை அவள் பக்கம் நீட்டினார். “இப்போ பாருங்கோ. மூக்கு, பாதம், எழுத்தோட விளிம்பு, எல்லாம் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. சக்கரம் தேய்ச்சுடுத்து. கோடு ஒண்ணுகூட இல்லே. இடுக்கியிலே பண்ணின காசைத் தேய்ச்சாலும் இப்படித்தான் இருக்கும். நிஜக் காசைத் தேய்ச்சாலும் இப்படித்தான் இருக்கும்.”

“ஆனா இது நிஜம் சார்” என்றான் ஞானசீலன். “எனக்குத் தெரியும். நான் பிரஸ்ல வேல பாத்தவன்.”

“எனக்கும் தெரியறதுப்பா. நான் நம்பறேன். நான் நம்பி என்ன? கல்கத்தாக்காரர் நம்பணும். அவர் இதைக் கையிலே வாங்கின நிமிஷம் கீழே வெச்சுடுவார்.”

“போட்டோ இருக்கே!” மேரி எழுந்து நின்றுவிட்டாள். “போன்ல போட்டோ இருக்கு சார். அழுக்கோட இருக்கு. அத அவருக்குக் காட்டுங்க.”

“போட்டோவிலே இருக்கற காசுதான் இந்தக் காசுன்னு எப்படிம்மா ரூபிக்கறது?”

“நான் வந்து சொல்லுதேன். கல்கத்தாக்கு வாரேன். பைபிள்மேல கைய வச்சுச் சொல்லுதேன்.”

அவர் காசைப் பச்சைத் துணிமேல் வைத்தார்.

“அப்பம் அழுக்கு திரும்ப வராதா சார்? மண்ணுல பொதச்சு வச்சா? புளித்தண்ணியில போட்டு வச்சா கறுக்கும் சார், எங்க இட்லிக் கொப்பரை கறுக்கும். ஒரு வாரம் வச்சுட்டு கொண்டாரேன். ஒரு வாரம் பொறுங்க சார். இந்த மாசம் முடிய இன்னும் நாள் இருக்கு.”

“மேரி” என்றான் ஞானசீலன்.

“நீங்க பேசாம இருங்க. சார், ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா. நேத்து போன்ல ஒரு வார்த்த, தொடைக்காதீங்கன்னு. ஒரு வார்த்த.”

“தோணலேம்மா” என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. “காசு சேர்க்கறவா எல்லாருக்கும் முதல்லே தெரிஞ்ச விஷயம் இது. சொல்லணும்னே எனக்குத் தோணலே.”

நான் அவருடைய காசு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் குத்துவிளக்கு முதல் காப்பி வடிகட்டி வரைக்கும் தேய்த்திருக்கிறேன். அந்த அலமாரிப் பக்கம் மட்டும் துணியோடு போனால் கத்துவார். காணாமல் போய்விடும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் உள்ளே போய்ச் சில நோட்டுகளை எடுத்துவந்து காசுக்குப் பக்கத்தில் வைத்தார். “நான் இதை எனக்காக எடுத்துக்கறேன். எங்கிட்டே இருக்கட்டும்.”

ஞானசீலன் இடது கையால் நோட்டுகளைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினான். கோபமாகத் தள்ளவில்லை. பட்டறையில் எண்ணிக்கை அதிகமாக வந்துவிட்ட பீஸை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினான்.

“வேண்டாம் சார். ரிஜெக்ட் மாலுக்குத் துட்டு வாங்கக் கூடாது. பிடிப்பாங்களே தவிர குடுக்க மாட்டாங்க.”

“எடுங்க” என்றாள் மேரி. “எடுங்கன்னு சொல்லுதேன். நீங்க யாரு வேண்டாம்னு சொல்ல? நான் இட்லி வித்த காசு அது.”

எடுத்துக்கொண்டாள். எண்ணவில்லை. அது எதற்கும் காணாது என்று எண்ணாமலே தெரிந்தது. காசை மேசையிலேயே விட்டுவிட்டோம். அது விளக்கடியில் மின்னிக்கொண்டு கிடந்தது.

வெளியே வந்தால் மழை வலுத்துவிட்டது. மேரி குடையை விரிக்காமல் முன்னால் நடந்தாள். பின்னால் நானும் அவனும். பூக்கடைக்காரர்கள் தார்ப்பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஓட்டல் வாசலில் ஜனங்கள் இலைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். பாலத்தடியில் வந்ததும் மேலே போக முடியவில்லை. ரோடு முழுக்க வெள்ளம், பஸ் போனால் அலை வந்து இடுப்பில் அடித்தது. நாங்கள் ஒரு தூண் ஓரமாக ஒதுங்கினோம்.

மேரி தூணைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தோள் குலுங்கவில்லை. அழுகையாக இருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

“ஏளா” என்றேன். “ஏதாவது பேசு. திட்டவாவது செய்.”

“யாரத் திட்ட பெரியம்ம?”

“என்னத் திட்டு. நாந்தான இங்க கூட்டிட்டு வந்தேன்.”

“நீங்க கூட்டிட்டு வரலன்னா அந்த மாதாஜிக்காரன்கிட்ட குடுத்திருப்பேன். எல்லாம் ஒண்ணுதான்.” தூணைப் பார்த்தபடியே, “மத்தியானம் அவ்வோ கையத் தொறந்து காட்டினப்ப எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? கலியாணம் ஆனதுலருந்து அவ்ளோ சந்தோசம் எனக்கு இல்ல. அதத் திட்டச் சொல்லுதியளா?” என்றாள்.

ஞானசீலன் தூணின் மறுபக்கம் நின்றிருந்தான். வலது கையைத் தோள் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து, மழைச் சாரலில் நீட்டி, மடங்கின இரண்டு விரல்களையும் இடது கையால் ஒரு தடவை நீட்டப் பார்த்தான். வலித்திருக்க வேண்டும், பல்லைக் கடித்தான். விட்டதும் அவை திரும்ப மடங்கிக்கொண்டன. அதைப் பார்த்தான். பிறகு சுற்றி வந்து மேரிக்கு முன்னால் நின்றான். அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தான். அவள் பார்க்கவில்லை. பாலத்துக்கு மேலே வண்டிகள் போகிற சத்தம் இடிபோல விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் கேட்க வேண்டுமே என்று அவன் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் மத்தியானத்துச் சிரிப்பை அவனே திரும்பக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான்.

“மேரி, எடது கையாலயே ஒரு கோடு விழாம வீல ஓட்டிட்டேம்லா. அப்பம் வலது கைக்கு ஆபரேசன் எதுக்குட்டி?”